ஒரு சோறு பதம் சொல்லாத பானை: சோதனைக் கெர்னல்கள் பற்றி ஓர் ஆய்வு

2021 மார்ச் முதல் வாரத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தார். சில நாட்களுக்கு முன் தானே வெளியிட்ட 5.12-ஆர்சி1 என்ற லினக்ஸ் கெர்னலின் பெயரோடு, 'பயன்படுத்தாதே' என்று பொருள்படும் ஒரு வாலை ஒட்டினார். நினைவகம் நிரம்பும்போது கணினி தற்காலிகமாக எழுதிவைக்க ஸ்வாப் என்றொரு இடம் உண்டு. சிலர் அதற்கு வட்டில் தனிப் பகிர்வு ஒதுக்குவார்கள். சிலர் ஒரு கோப்பையே ஸ்வாப்பாக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கெர்னலில் ஸ்வாப் கோப்புக்குப் போகவேண்டிய எழுத்து, வட்டின் வேறு இடத்தில் போய் விழுந்தது. அங்கே என்ன இருந்ததோ, அது அழிந்தது. தனிப் பகிர்வு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆயிரக்கணக்கான வல்லுநர்கள் கைபட்ட மென்பொருளில் இப்படி ஒரு பிழை எப்படிப் பிழைத்தது? உருவாக்குநர்கள் பலரின் எந்திரங்களில் நினைவகம் தாராளமாக இருக்கும். ஸ்வாப்புக்கு வேலையே வராது. வைத்திருப்பவர்களிலும் பலருக்குப் பகிர்வுதான். பிழையைத் தொடும் பாதையில் அவர்கள் நடக்கவே இல்லை. வேறொருவர், வேறொரு அமைப்பில், அந்தச் சோதனைக் கெர்னலை ஏற்றிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கெர்னல் விஷயத்தில் அந்தப் பழமொழி செல்லாது. இங்கே ஒவ்வொரு கணினியும் தனிப் பானை. இந்த இயல்பிலிருந்துதான் சோதனைக் கெர்னல் என்ற ஏற்பாடே பிறக்கிறது. அதை எங்கிருந்து பெறுவது, எந்த அளவு நம்புவது, பெற்றவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்ற மூன்று கேள்விகளையும் இக்கட்டுரை ஒருசேரப் பார்க்கிறது.

ஆய்வுக்கூடம் ஏன் போதாது

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடித்தளம். நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, வைஃபை சில்லோடு பேசுவது, மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் தூங்கவைப்பது எல்லாம் அதன் வேலை. லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள், அதாவது குறிப்பிட்ட வன்பொருளோடு பேசத் தெரிந்த பகுதிகள். ஒரு டிரைவரை எழுதியவரிடம் அந்த வன்பொருளின் ஒன்றிரண்டு மாதிரிகள் இருக்கலாம். கடையில் விற்பதோ அதே சில்லின் பல திருத்தங்கள், பல நிறுவனங்களின் பலகைகளில், பல பயாஸ் பதிப்புகளோடு.

விற்கும் கணினியைத் தானே செய்யும் நிறுவனத்துக்குச் சோதிக்க வேண்டிய பட்டியல் கையடக்கமானது. லினக்ஸுக்கு அப்படிப் பட்டியலே கிடையாது. யாரோ பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினியும் அதில் உண்டு, நேற்று சந்தைக்கு வந்த சில்லும் உண்டு. ஆகவே சோதனையின் கடைசிக் கட்டம் எப்போதும் பயன்படுத்துபவரின் மேசையில்தான் நடக்கிறது. அவர் தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்பது மட்டுமே வேறுபாடு.

ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

ஆரம்பக் காலத்தில் இந்த வேறுபாட்டைப் பதிப்பு எண்ணே சொல்லிவிடும். 1994 மார்ச்சில் 1.0 வந்த பிறகு, இரண்டாம் எண் இரட்டைப்படையாக இருந்தால் நிலையான கெர்னல், ஒற்றைப்படையாக இருந்தால் சோதனைக் கெர்னல் என்ற வழக்கம் நிலைத்தது. 2.2, 2.4 வீட்டுக்கு; 2.3, 2.5 துணிந்தவர்களுக்கு.

கேட்க ஒழுங்காக இருந்த இந்த ஏற்பாடு நடைமுறையில் நொண்டியது. 2.4.0 வந்தது 2001 ஜனவரியில். அடுத்த நிலையான தொடரான 2.6.0 வந்தது 2003 டிசம்பரில். இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். புதிய வன்பொருள் அதுவரை காத்திருக்குமா? கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் வழங்கல் (டிஸ்ட்ரோ) நிறுவனங்கள் 2.5-இல் இருந்த வசதிகளைப் பெயர்த்தெடுத்துத் தங்கள் 2.4 கெர்னல்களில் ஒட்டவைத்தன. பெயர் 2.4 என்றாலும் உள்ளே இருந்தது ஒவ்வொரு வழங்கலிலும் ஒரு கலவை. சோதனைத் தொடரை ஓட்டியவர்களோ சிலரே. அதனால் 'நிலையான' தொடரின் முதல் சில பதிப்புகள்தாம் உண்மையான சோதனைக்களம் ஆயின. 2001 அக்டோபரில் வந்த 2.4.11-க்கும் 'பயன்படுத்தாதே' என்ற வால் ஒட்டப்பட்டது நினைவுகூரத்தக்கது. அது சோதனைக் கெர்னல்கூட அல்ல; இரட்டைப்படை எண்ணோடு வந்த நிலையான பதிப்பு.

2004-இல் ஒட்டாவாவில் கூடிய கெர்னல் உருவாக்குநர்கள் 2.7 என்றொரு சோதனைத் தொடரைத் தொடங்காமலே போவது என்று முடிவெடுத்தார்கள். பெரிய மாற்றங்களை ஆண்டுக்கணக்கில் தேக்கிவைத்துத் திறந்துவிடுவதைவிடச் சிறிது சிறிதாக விடுவது மேல் என்பது அதன் சாரம். 2005-இல் இன்றைய நடைமுறையின் உருவம் வந்துவிட்டது.

இன்றைய ஓட்டம்

ஒரு புதிய பதிப்பு வெளியானதும் இரண்டு வாரங்களுக்கு வாசல் திறந்திருக்கும். துணை அமைப்புகளின் பராமரிப்பாளர்கள் தாங்கள் சேர்த்துவைத்த மாற்றங்களை அனுப்புவார்கள். பதிப்புக்குப் பத்தாயிரத்துக்குக் குறையாத மாற்றங்கள்; பங்களிப்பவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். வாசலை மூடும் நாளில் ஆர்சி1, அதாவது முதல் வெளியீட்டு வேட்பாளர் (ரிலீஸ் கேண்டிடேட்), வெளிவரும். அதன்பின் ஞாயிறுதோறும் ஓர் ஆர்சி. புதிய வசதிகளுக்கு இடமில்லை, பிழைத்திருத்தம் மட்டும். ஆர்சி7 அல்லது ஆர்சி8-க்குப் பிறகு இறுதிப் பதிப்பு. மொத்தம் ஒன்பது அல்லது பத்து வாரம்.

இந்த ஓட்டத்தில் இறங்கி நீர் மொண்டுகொள்ள நான்கு படித்துறைகள் உண்டு.

மேல்மடை, லினக்ஸ்-நெக்ஸ்ட். 2008-இல் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கியது. அடுத்த பதிப்புக்குப் போகவிருக்கும் மாற்றங்களை எல்லாம் வேலைநாள்தோறும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது இதன் வேலை. ஒருவர் மாற்றம் இன்னொருவர் மாற்றத்தோடு மோதுகிறதா என்று தெரிந்துகொள்ளவே பிறந்தது. சாதாரணப் பயனருக்கு இங்கே வேலை இல்லை.

அடுத்தது ஆர்சி வரிசை. ஆர்சி1-இல்தான் ஆபத்து அதிகம். இரண்டு வார மாற்றங்கள் மொத்தமும் முதல்முறை வெளியே வருகின்றன. 5.12-இன் கதையே சான்று. ஆர்சி3, ஆர்சி4 வந்தபின் பெரும்பிழைகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சோதிக்க விரும்பும் பயனர் ஏறுவதற்கு நல்ல இடம் அதுதான். பிழையைச் சொன்னால் இறுதிப் பதிப்புக்கு முன் திருத்த அப்போதும் காலம் இருக்கும்.

மூன்றாவது, நிலையான தொடரின் முன்னோட்டம். 2005 மார்ச்சில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் கிறிஸ் ரைட்டும் தொடங்கிய ஏற்பாட்டின்படி, வெளியான பதிப்புக்குத் திருத்தங்கள் மட்டும் தொடர்ந்து போகும். திருத்தம் நூறு வரிக்கு மேல் போகக்கூடாது. முதலில் டோர்வால்ட்ஸின் மரத்தில், அதாவது அவர் பராமரிக்கும் மூல நிரல் தொகுப்பில், சேர்ந்திருக்க வேண்டும். உண்மையில் யாரையேனும் தொல்லைப்படுத்தும் பிழையைத் தீர்க்க வேண்டும் என்பன எழுதிவைத்த விதிகள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஒரு முன்னோட்டம் வைத்து ஏறத்தாழ 48 மணிநேரம் அவகாசம் தருவார்கள். பல நூறு திருத்தங்கள் கொண்ட தொகுப்புக்கு இரண்டு நாள். தன் எந்திரத்தில் ஏற்றி, சரியாக ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் பெயர் அந்த வெளியீட்டின் வரலாற்றில் 'சோதித்தவர்' என்று பதிவாகிவிடும்.

நான்காவது, வழங்கல்கள் தங்கள் பயனர்களுக்குத் திறந்துவைத்திருக்கும் சோதனைக் களஞ்சியங்கள். பெரும்பாலோர் சோதனைக் கெர்னல் பெறுவது இங்கிருந்துதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வழங்கல்களின் வாசல்கள்

உபுண்டுவில் இரண்டு வழிகள், இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அநேகம். ஒன்று 'ப்ரொப்போஸ்டு' என்ற களஞ்சியம். எல்லோருக்கும் போகவிருக்கும் கெர்னல் புதுப்பிப்பு முதலில் அங்கே வந்து நிற்கும்; சரிபார்த்தபின் பொதுக் களஞ்சியத்துக்கு நகரும். அதை இயக்கிவிட்டு 'எல்லாவற்றையும் புதுப்பி' என்று சொல்லிவிட்டால் கெர்னலோடு முடியாது; அரைவேக்காட்டுத் தொகுப்புகள் பலவும் வந்திறங்கும். கெர்னலை மட்டும் பெயர் சொல்லி எடுப்பதே முறை. இன்னொன்று, மூலக் கெர்னலை உபுண்டுவின் ஒட்டுகள் ஏதுமின்றிக் கட்டித்தரும் 'மெயின்லைன்' தொகுப்புகள். இவை நோயறிய உதவும் கருவி. அன்றாடம் ஓட்ட அல்ல. பாதுகாப்புத் திருத்த உத்தரவாதம் கிடையாது. கையொப்பம் இல்லாததால் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஏறவும் ஏறாது. ஆனால் பிழை உபுண்டுவின் ஒட்டில் உள்ளதா, மூலத்திலேயே உள்ளதா என்று பிரித்தறிய இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஃபெடோரா இதை ஒரு பொதுக்காரியமாகவே நடத்துகிறது. புதிய பெரும்பதிப்புக்கு மாறும்போதெல்லாம் கெர்னல் சோதனை வாரம் என்று அறிவித்து, எளிய சோதனைக் கட்டு ஒன்றையும் தந்து, யார் வேண்டுமானாலும் ஓட்டி முடிவைப் பதிக்கச் சொல்கிறது. சோதனைக் களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பயனர்கள் கூட்டல் கழித்தல் மதிப்பெண் போடலாம். அந்த மதிப்பெண்ணுக்குப் பெயர் கர்மா. அதை நடத்தும் மென்பொருளுக்குப் பெயர் போதி. நம் பக்கத்துச் சொற்கள் அங்கே போய்ச் செய்யும் வேலை பொருத்தமானதுதான்: வினைக்கேற்ற பயன் புதுப்பிப்புக்கும் உண்டு. இன்னும் முன்னால் போக விரும்புவோருக்கு ராஹைட் என்ற ஓயாத வளர்ச்சிக் கிளை உண்டு. ஆர்சிகளும் இடைநாள் படிகளும் அங்கே வரும். அவற்றில் பல, பிழைதேடும் சோதனைகளை இயக்கிய நிலையில் கட்டப்படுவதால் சற்று மந்தமாக ஓடும். அந்த மந்தத்தையே பிழை என்று புகார் செய்பவர்கள் உண்டு.

டெபியன் நிதானி. ஆர்சி கெர்னல்கள் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற பகுதியில் நிற்கும். தானாக எங்கும் நகராது. இறுதிப் பதிப்புகள் 'அன்ஸ்டேபிள்' கிளைக்கு வரும். சில நாட்கள் பெரும்புகார் இன்றிக் கழிந்தால் 'டெஸ்டிங்' கிளைக்கு இறங்கும். நிலையான டெபியனில் இருந்துகொண்டே புதுக் கெர்னல் வேண்டுவோருக்குப் 'பேக்போர்ட்ஸ்' உண்டு. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் உட்பட, டெபியனிலிருந்து கிளைத்த வழங்கல்கள் ஏராளம். மேலே யாரோ ஒருவர் சோதித்த கெர்னலின் பலன், பெயர் தெரியாத எத்தனையோ வாய்க்கால்களில் பாய்கிறது.

ஆர்ச்சில் சோதனைக் களஞ்சியத்தைத் திறந்துகொள்வது இரண்டு வரி வேலை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றும் பழைய கெர்னலை வைத்துக்கொண்டே புதியதைப் பக்கத்தில் நிறுவும். ஆர்ச் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். அதனால்தான் அங்கே அனுபவசாலிகள் நீண்டகால ஆதரவுக் கெர்னலையும் கூடவே நிறுவிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஓப்பன்சூசே டம்பிள்வீட், ஒவ்வொரு படியையும் ஓப்பன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனைக்கு உட்படுத்தி வெளியிடுகிறது. அதற்கும் முன்னால் போக, ஆர்சிகளைத் தொடர்ந்து கட்டித்தரும் தனிக் களஞ்சியம் உண்டு.

லினக்ஸுக்கு வெளியே ஃப்ரீபிஎஸ்டியில் கதை வேறு மாதிரி. அங்கே கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மரத்தில் வளர்கின்றன. 'கரன்ட்' என்பது வளர்ச்சிக் கிளை. அதன் கெர்னல் பூட்டுகளையும் அனுமானங்களையும் சரிபார்க்கும் சோதனைகள் இயக்கிய நிலையில் வரும். புதிய கெர்னலை நிறுவினால் பழையது பெயர் மாறி அருகிலேயே இருக்கும். அடுத்த ஒரு முறை மட்டும் இந்தக் கெர்னலில் ஏறு, அதற்கடுத்து வழக்கமானதற்கே திரும்பு என்று சொல்லிவைக்கும் வசதியும் உண்டு. சோதனை செய்பவரின் மனத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது.

பெயர்ப்பலகையும் விபத்தும்

'சோதனை' என்று எழுதியது ஆபத்து, 'நிலையானது' என்று எழுதியது பத்திரம் என்று நினைக்கத் தோன்றும். வரலாறு அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ளவில்லை.

2008 செப்டம்பரில் 2.6.27-இன் ஆர்சிகளை ஓட்டிய சிலரின் கணினிகளில் இன்டெல் பிணைய அட்டை செத்துப்போனது. கெர்னலை மாற்றியும் உயிர் வரவில்லை. அட்டையின் சொந்த நினைவில் இருந்த அமைப்புத் தகவலே அழிந்திருந்தது. அந்த அட்டையின் இ1000இ என்ற டிரைவரைச் சந்தேகித்தார்கள். வரைகலை டிரைவரைச் சந்தேகித்தார்கள். குற்றவாளி வேறு எங்கோ இருந்தது. கெர்னலின் செயல்களைத் தடம்பற்றப் புதிதாகச் சேர்ந்த எஃப்ட்ரேஸ் என்ற வசதி, சில நிரல் முகவரிகளைக் குறித்துவைத்துப் பிறகு அங்கே போய்த் திருத்தும். இடையில் அந்த நினைவிடம் விடுவிக்கப்பட்டு, பிணைய அட்டையின் பதிவுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைப் புதிதாகக் குடிவந்தவர் வீட்டில் போட்டதுபோல் ஆயிற்று. இறுதிப் பதிப்பு வந்த சில நாட்களில் 2.6.27.1 வெளிவந்தது, அதன் வேலை, தடம்பற்றும் அந்த வசதியை முடக்குவது. சோதனைக் கெர்னல் வன்பொருளையே காவுகொள்ளும் என்பதற்கு இது சான்று. பெரும்பாலான பொதுப்பயனர்களிடம் போகும் முன்பே ஆபத்து தெரிந்து தடுக்கப்பட்டது என்பதற்கும் இதுவே சான்று.

2017 இறுதியில் நடந்தது இதன் மறுபக்கம். உபுண்டு 17.10 சோதனைப் பதிப்பு அல்ல. முறையாக வெளியான ஒன்று. அதன் கெர்னலில் இயக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸைக் கெடுத்தது. பயாஸ் அமைப்பை மாற்றினால் அந்த மாற்றம் நிலைக்காது. யூஎஸ்பியிலிருந்து ஏற முடியாது. நிறுவல் பிரதியையே உபுண்டுவின் நிறுவனமான கனானிக்கல் திரும்பப் பெற்று, ஜனவரியில் திருத்தி மறுபடி வெளியிட்டது.

2022 செப்டம்பர் இறுதியில் வந்த 5.19.12, நிலையான தொடரைச் சேர்ந்தது. இன்டெல் வரைகலை கொண்ட சில மடிக்கணினிகளில் திரைக்கு மின்சாரம் தரும் கால இடைவெளிகள் குழம்பின. திரை வெள்ளையாக மின்னியது. திரையே பழுதாகலாம் என்று இன்டெல் பொறியாளர் எச்சரித்தார். அடுத்த பதிப்பு சில நாட்களில் வந்தது.

2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளியாக வேண்டும். அதற்கென எடுத்துவைத்த 6.1.64 கெர்னலில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவைக் கெடுக்கும் பிழை தெரியவந்தது. புதிய கெர்னலில் ஒன்றையொன்று சார்ந்த இரண்டு மாற்றங்கள் இருந்தன. பழைய தொடருக்குக் கொண்டுவந்தபோது ஒன்று வந்தது, அது நம்பியிருந்த மற்றொன்று வரவில்லை. டெபியன் 12.3-இன் பிரதிகளை நிறுத்திவிட்டு, மறுநாளே திருத்திய கெர்னலோடு 12.4-ஐ வெளியிட்டது. பின்னோக்கிக் கொண்டுசெல்லும் திருத்தம் தன் சுற்றத்தை விட்டுவிட்டு வருகிறது. இந்த ஆபத்து டோர்வால்ட்ஸின் மரத்தில் இல்லை, நிலையான தொடரில்தான் உண்டு.

இவற்றோடு 2018 ஜனவரியையும் சேர்க்க வேண்டும். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைகளுக்கான திருத்தங்கள் ரகசியமாகத் தயாராயின. திட்டமிட்ட நாளுக்கு முன்பே செய்தி கசிந்ததால் அவசரமாக வெளிவந்தன. ஊரறியச் சோதிக்க வாய்ப்பே இல்லை. உபுண்டு 16.04-க்கு வந்த 4.4.0-108 கெர்னலோடு சில கணினிகள் எழவில்லை. 109 உடனே வந்தது. வழக்கமான சோதனைக் கட்டம் ஓசையின்றிச் செய்துவரும் வேலை என்ன என்பது, அது இல்லாத அந்த வாரத்தில் தெரிந்தது.

எந்திரம் பார்க்கும், எல்லாம் பார்க்காது

இத்தனைக்கும் நடுவில் தானியங்கிச் சோதனை பெரிதாக வளர்ந்திருக்கிறது. உருவாக்குநர் மாற்றத்தை அனுப்பிய சில மணிநேரத்தில் இன்டெல்லின் சோதனை எந்திரம் பல கட்டமைப்புகளில் கட்டிப்பார்த்துப் பதில் போடுகிறது. 2017 முதல் கூகுளின் சிஸ்பாட், தாறுமாறான அமைப்பு அழைப்புகளைக் கெர்னல்மேல் ஏவி அது எங்கே தடுக்கிவிழுகிறது என்று பார்க்கிறது. கெர்னல்சிஐ பல ஆய்வகங்களின் பலகைகளில் ஏற்றிப்பார்க்கிறது. நிலையான தொடரின் முன்னோட்டங்களை அந்த 48 மணிநேரத்துக்குள் சோதித்துச் சொல்லும் பணியை லினாரோ என்ற நிறுவனம் செய்கிறது.

நிரல் கட்டப்படுகிறதா, எழுகிறதா, தெரிந்த சோதனைகளில் தேறுகிறதா என்பதை எந்திரம் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். மூடியைச் சாத்தித் திறந்தபின் ஒலிவாங்கி ஊமையாகிறதா, ப்ளூடூத் காதுக்கருவி மூன்றாவது முறை இணையும்போது திக்குகிறதா, மின்கலம் வழக்கத்தைவிட ஒருமணிநேரம் முன்னால் தீர்கிறதா என்பதை அந்தக் கணினியோடு வாழ்பவர்தான் அறிவார். சாதாரணப் பயனரின் இடம் இங்கேதான் இருக்கிறது.

திரும்பும் வழி

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெர்னல் சோதனையில் ஆழத்தை முன்கூட்டி அறிய வழியில்லை. கயிறு கட்டிக்கொண்டு இறங்குவதே வழி.

முதல் கயிறு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னல். அது நிறுவப்பட்டிருக்கிறதா, பூட் பட்டியலில் தெரிகிறதா என்று இறங்கும் முன் பார்த்துவிட வேண்டும். பூட் பகிர்வு சிறியதாக இருந்தால் மூன்றாவது கெர்னலுக்கே இடம் போதாமல் நிறுவல் பாதியில் நிற்கும். கிரப், சிஸ்டம்டி-பூட் ஆகிய பூட் ஏற்றிகளில், அடுத்த ஒருமுறை மட்டும் புதிய கெர்னலில் ஏறும்படி சொல்லலாம். உறைந்துபோனால் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி போட்டாலே பழையது வந்துவிடும்.

இரண்டாவது, தரவின் நகல். பழைய கெர்னலுக்குத் திரும்பினால் போயிற்று என்று நினைப்பவர்கள் 6.1.64-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். கெர்னலைத் திருப்பலாம், அது கெடுத்த கோப்பைத் திருப்ப முடியாது. நகல் அந்தக் கணினிக்கு வெளியே, சோதனையின்போது கழற்றி வைக்கப்பட்ட வட்டில் இருக்க வேண்டும். கோப்பு முறைமையைப் புதிய வடிவத்துக்கு உயர்த்துகிறேன் என்று கெர்னலோ கருவியோ கேட்டால் மறுத்துவிடுவது நல்லது. இசட்எஃப்எஸ் போன்றவற்றில் ஒருமுறை உயர்த்தியதைப் பழைய கெர்னல் திறக்காமல் போகலாம்.

மூன்றாவது, கெர்னல் மரத்துக்கு வெளியே வளரும் டிரைவர்கள்மீது ஒரு கண். என்விடியாவின் டிரைவர், மெய்நிகர் எந்திர மென்பொருள்களின் கூறுகள் ஆகியவை கெர்னலின் உட்புற இடைமுகங்களை நம்பியவை. அந்த இடைமுகங்கள் மாறாது என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆர்சியோடு அவை கட்டப்படாமல் போனால் கறுப்புத் திரைதான் மிச்சம். அதைக் கெர்னலின் பிழை என்று எழுதினால் பராமரிப்பாளர்கள் மதிக்க மாட்டார்கள். அந்நியக் கூறு ஏறிய கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று தானே குறித்துக்கொள்ளும். அறிக்கையில் அந்தக் குறியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் துணிவில்லாதவர்கள் மெய்நிகர் எந்திரத்தில் ஏற்றிப்பார்க்கலாம். நிரலின் பொதுப் பிழைகள் சில தெரியும். தன் வைஃபை சில்லும் திரையும் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது. தான் தரக்கூடிய தனிப்பட்ட தகவலும் அதுவே என்பதை மறக்கக்கூடாது.

சொல்லும் வாய்

சோதனைக் கெர்னலை ஏற்றி, பிழை கண்டு, பழையதற்குத் திரும்பிவிட்டு, நண்பர்களிடம் அலுத்துக்கொள்பவர் சோதனை செய்தவர் ஆகமாட்டார். அவர் பட்ட பாடு யாருக்கும் பயன்படவில்லை. அதே பிழை ஆறு வாரம் கழித்து, ஆர்சி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரின் கணினியில் வந்து இறங்கும்.

நல்ல அறிக்கை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பதிப்புவரை சரியாக ஓடியது, எதிலிருந்து ஓடவில்லை, வன்பொருள் எது, கெர்னல் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது. இந்த நான்கும் போதும். முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்ற வகைப் பிழைக்குக் கெர்னல் உலகில் தனி மதிப்பு உண்டு. பயனரிடம் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக்கூடாது என்பது டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. உடைத்த மாற்றத்தைத் திருத்த முடியாவிட்டால் திரும்பப் பெறுவார்கள். இத்தகைய புகார்கள் கேட்பாரற்றுப் போகாமல் கண்காணிக்க, 2021-இல் தார்ஸ்டன் லீம்ஹூயிஸ் ரெக்ஸ்பாட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்.

ஒருபடி மேலே போக விரும்புவோருக்குக் கிட் பைசெக்ட் என்ற கருவி உண்டு. அகராதியில் சொல் தேடுவதைப் போன்றது. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துக் கெர்னல் கட்டி ஏற்றிப்பார்ப்பது, நல்லதா கெட்டதா என்று சொன்னால் பாதி கழியும், மறுபடி நடுவில். பதினைந்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு முறையில் குற்றவாளி பிடிபடுவான். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கட்டத் தெரிந்து, பொறுமை இருந்தால் போதும். தன் கணினியில் ஏறியிருக்கும் கூறுகளுக்கு மட்டும் அமைப்பைச் சுருக்கிக்கொண்டால் ஒவ்வொரு கட்டலும் மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நடுவில் வந்து நிற்கும் இடம் 5.12-ஆர்சி1 போன்ற குழியாகவும் இருக்கலாம். அந்தப் பெயரில் டோர்வால்ட்ஸ் எச்சரிக்கையை ஒட்டிவைத்ததன் ஒரு காரணம், பின்னாளில் இப்படித் தேடிவருபவர்கள் விழக்கூடாது என்பதே.

யார் எங்கே இறங்கலாம்

ஒரே கணினி வைத்திருந்து, நாளை காலை அதில் வேலை முடித்தாக வேண்டியவருக்குச் சோதனைக் கெர்னல் வேண்டாம். இரண்டாவது கணினியோ, கழற்றி மாட்டக்கூடிய வட்டோ உள்ளவர், தன் வழங்கலின் சோதனைக் களஞ்சியத்தில் தொடங்கலாம். புத்தம்புது மடிக்கணினி வாங்கி, வைஃபையோ ஒலியோ வேலைசெய்யாமல் தவிப்பவருக்கு ஆர்சி ஒரு தேவை. மருந்து அங்கேதான் இருக்கக்கூடும். வழக்கில்லாத வன்பொருள், பழைய எந்திரம், வினோத அமைப்பு வைத்திருப்பவர்கள் இவர்கள் எல்லோரையும்விட மதிப்பு மிக்க சோதனையாளர்கள். வேறெவரிடமும் இல்லாத பானை அவர்களிடம் இருக்கிறது.

நிறுவனச் சேவையகங்களில் ஆர்சியை ஏற்ற யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நூறு எந்திரம் வைத்திருப்பவர் ஒன்றை ஒதுக்கி, நிலையான தொடரின் முன்னோட்டத்தை அதில் ஓட்டிப்பார்த்தால், மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் வரவிருக்கும் சங்கடம் இரண்டு நாள் முன்னால் தெரியும்.

கடைசியாக ஒரு நடைமுறை. உபுண்டுவில் ஒருவர் பிழை ஒன்றைப் புகார் செய்து, அதற்கான திருத்தம் சோதனைக் களஞ்சியத்துக்கு வந்ததும், அந்தப் பிழையின் பக்கத்தில் ஒரு தானியங்கிக் குறிப்பு விழும்: இந்தக் கெர்னலை ஏற்றி, தீர்ந்ததா என்று சொல்லுங்கள், ஐந்து வேலைநாட்களுக்குள் யாரும் சரிபார்க்காவிட்டால் திருத்தம் நிரலிலிருந்து நீக்கப்படும். திருத்தம் எழுதப்பட்டுவிட்டது, கட்டப்பட்டுவிட்டது, தரவிறக்கக் காத்திருக்கிறது. அந்தப் பிழை உள்ள கணினி வைத்திருக்கும் ஒருவர், 'ஏற்றினேன், சரியாயிற்று' என்று ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.